தோண்டுகிறவருக்கு முதலில் சொல்லுங்கள்

மூடிக் கிடந்த ஒரு சிறிய தோல் ஷாப். அதை வாங்கியவர் கிடங்காக மாற்ற நினைத்தார். வளாகத்தின் குறுக்கே ஒரு கால்வாய் தோண்ட வேண்டும். பிறகு தரை முழுக்க பேவர் பிளாக் பதிக்க வேண்டும். நம் தெருவிலிருந்து பதினொரு பேர் அந்த வேலைக்குப் போனார்கள். அதில் ஏழு பேர் பெண்கள்.

இடுப்பளவு ஆழம் போனதும் மண்ணின் நிறம் மாறியது. பழைய சுண்ணாம்புக் குழியை யாரோ எப்போதோ மண்ணைப் போட்டு மூடியிருந்திருக்கிறார்கள். நீலமும் பச்சையும் கலந்த சேறு. அழுகிய முட்டை நாற்றம். உள்ளே நின்று வெட்டிக்கொண்டிருந்த இளைஞர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். மேலே தூக்கி, சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் கழித்து அவரே மறுபடி இறங்கினார். இறங்காவிட்டால் அன்றைக்குப் பாதிக் கூலிதான்.

சேற்றைப் பாண்டில் அள்ளிச் சுமந்த ஒரு அக்கா மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார்: "இன்னா மேஸ்திரி இந்த மண்ணு, கையெல்லாம் எரியுது?" மேஸ்திரி சொன்ன பதில்: "பழைய சுண்ணாம்புதாம்மா, ஒண்ணும் ஆவாது. ராத்திரிக்குத் தேங்கா எண்ணெ தடவு." மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

நான்கு நாளில் கால்வாய் முடிந்தது. இரண்டு வாரத்தில் தரை பளபளத்தது. வெட்டிய சேற்றை டிராக்டரில் ஏற்றிப் போனார்கள். எங்கே கொட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். அந்த அக்காவின் விரலிடுக்கில் வந்த புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. விஷயம் தெரிந்து நாங்கள் போய் விசாரித்தபோது வேலை முடிந்திருந்தது. வருகைப் பதிவேடு என்று ஒன்று இல்லவே இல்லை. பதினொரு பேர் அங்கே வேலை செய்தார்கள் என்பதற்கே சான்று கிடையாது.

இது சின்ன வேலை. இதைவிடப் பல மடங்கு பெரிய வேலைகள் நம் மாவட்டத்துக்கு வரப்போகின்றன. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறோம்.

பெரிய வேலை வரும்போது

ராணிப்பேட்டை சிப்காட்டை அறிந்தவர்களுக்குத் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரிக்க 1970களின் நடுவில் தொடங்கியது. 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போனது, கழிவு நின்றது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அந்த வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் ஓடியது. புளியந்தாங்கல் பக்கத்துக் கிணறுகளும் நிலங்களும் அதற்கு விலை கொடுத்தன. 2006இல் ஒரு பன்னாட்டு அமைப்பு உலகின் மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. அதற்குப் பிறகும் ஆய்வு, அறிக்கை, வழக்கு, திட்டம் என்று ஆண்டுகள் ஓடின.

இப்போது சட்டத்தில் ஒரு திருப்பம் வந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கென்றே தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் கண்டறிந்து பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறிப்பிட்ட நாட்களுக்குள் சோதித்துச் சொல்ல வேண்டும். மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும். நாடு முழுவதும் 103 இடங்கள் மாசுபட்டவை என அடையாளம் காணப்பட்டிருந்தன. அவற்றில் வேலை தொடங்கிய இடங்களோ ஒரு கை விரல்களைச் சற்றுத் தாண்டும் அளவுக்குத்தான் இருந்தன. இனி அந்த எண்ணிக்கை கூடும், கூடவும் வேண்டும்.

ஆனால் சுத்தம் செய்வது என்றால் என்ன? கடைசியில் அது மண் வேலைதான். யாரோ தோண்ட வேண்டும், யாரோ அள்ள வேண்டும், யாரோ சுமக்க வேண்டும். பிறகு யாரோ ஜல்லி பரப்பித் தளம் போட வேண்டும். அந்த "யாரோ" யார் என்று விதிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். விடியற்காலையில் மேஸ்திரியின் லோடு வண்டி எந்தத் தெருமுனையில் வந்து நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

ஒரு உண்மையை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிலத்தடி நீருக்காகப் போராடினோம், பயிருக்காகப் போராடினோம், கழிவை அகற்று என்று முழக்கமிட்டோம். எல்லாம் நியாயமானவை. ஆனால் "அகற்று" என்று சொன்னபோது, யார் கையால் அகற்றுவது என்று நாம் ஒருநாளும் கேட்கவில்லை. நம் சொந்தக்காரர்கள் கையால் என்பது நமக்கே தோன்றாமல் போனது.

மண்ணில் இருப்பது என்ன?

மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். குரோமியத்துக்கு இரண்டு முகம் உண்டு. தோலைப் பதனிடும் தொட்டியில் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். நீலமும் பச்சையுமாகத் தெரியும் இது, ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. இன்னொன்று ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். மஞ்சளாக இருக்கும், தண்ணீரில் எளிதில் கரையும், மண்ணுக்குள் வேகமாகப் பரவும். அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உறுதிப்பட்ட உண்மை. தோலில் சிறு கீறல் இருந்தாலும் உள்ளே புகுந்து ஆறாத குழிப்புண்ணை உண்டாக்கும். மூக்கின் நடுத்தண்டையே ஓட்டையாக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

குரோமியத் தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து வறுத்து உப்பைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கசடில் இந்த மஞ்சள் குரோமியம் ஒட்டிக்கொண்டே இருக்கும். பல பத்தாண்டுகள் கழித்தும் மழையில் கசிந்துகொண்டே இருக்கும். பழைய தோல் ஷாப் என்றால் ஆபத்து வேறு விதம். சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த பழைய சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே செத்துப்போய் நாற்றம் தெரியாது. "இப்ப வாடை இல்லை, இறங்கலாம்" என்று யாராவது சொல்லும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

2015 ஜனவரி 31 அன்று விடியலில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சேறு என்றால் சாதாரணம் என்று நினைப்பவர்கள் அந்த விடியலை நினைத்துக்கொள்ள வேண்டும்.

திட்டம் என்றால் என்ன?

பாதுகாப்பு என்றதும் ஆளுக்கொரு ஹெல்மெட்டும் துணி முகமூடியும் கொடுத்துப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. துணி முகமூடி இந்தத் தூசியைத் தடுக்காது. உண்மையான திட்டம் மண்வெட்டி எடுப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

முதலில், இடத்தின் வரலாறு. எந்த மூலையில் என்ன குழி இருந்தது, எங்கே கொட்டினார்கள், எதை வைத்து மூடினார்கள்? இதைக் கோப்புகளைவிட, அங்கே வேலை செய்த முதியவர்கள் நன்றாகச் சொல்வார்கள். அவர்களைக் கூட்டி வந்து நடக்கவிட்டுக் கேட்க வேண்டும். பிறகு நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பல ஆழங்களில் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். நிலத்தடி நீரையும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு குறைவாகத் தோண்ட முடியும் என்று பார்க்க வேண்டும். கால்வாயின் வழியைச் சற்று மாற்றினால் பழைய குழியைத் தவிர்க்கலாமா? குழாயைத் தரைக்கு மேலேயே கொண்டுபோகலாமா? வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்த எதுவும் செலவில்லை. அந்தக் கோட்டை நகர்த்தாததால் குழிக்குள் இறங்குகிறவருக்குத்தான் செலவு.

மூன்றாவது, தோண்டியே ஆக வேண்டிய இடத்தில் இயந்திரம் தோண்டட்டும். ஜேசிபி எட்டாத மூலைக்கு மட்டும் மனிதர். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கச் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. பழைய குழி, தொட்டி, சேறு எது தென்பட்டாலும் வாயுவை அளக்கும் கருவி முதலில் இறங்க வேண்டும், மனிதர் பிறகுதான். மேலே ஒருவர் கண் எடுக்காமல் காவல் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் அவரைக் காப்பாற்ற அப்படியே குதிப்பவரும் சாகிறார் என்பதை நாம் எத்தனை செய்தியில் படித்திருக்கிறோம்!

நான்காவது, தூசியும் தண்ணீரும். மண்ணை ஈரமாகவே வைத்துத் தோண்ட வேண்டும். ஆனால் ஓடும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழியில் ஊறும் நீரைத் தெருச் சாக்கடையில் இறைத்துவிடக் கூடாது. தொட்டியில் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும். குவித்த மண்ணைத் தார்ப்பாயால் மூட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்குவது குற்றத்துக்குச் சமம். வெளியேறும் லாரியின் சக்கரத்தைக் கழுவி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண் பள்ளிக்கூட வாசல்வரை போகும்.

ஐந்தாவது, உடம்பு. வளாகத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தோண்டும் பகுதி, கழுவிக்கொள்ளும் பகுதி, சுத்தமான பகுதி. தோண்டும் பகுதியில் சோறு, டீ, வெற்றிலை, பீடி எதுவும் கூடாது. நுண்தூசியைத் தடுக்கும் சரியான சுவாசக் கவசம், ரப்பர் கையுறை, முழங்கால்வரை வரும் பூட்ஸ், முழு உடை ஆகியவை தேவை. பெண்களின் கைக்கும் காலுக்கும் பொருந்தும் அளவில் தனியாக வாங்க வேண்டும். ஆண்களின் பூட்ஸைப் பெண்கள் மாட்டிக்கொண்டால் நடக்கவே முடியாது. வேலை உடையை அங்கேயே கழற்றி, அங்கேயே துவைக்க வேண்டும். குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அம்மாவின் புடவை முந்தானையில் வரும் மஞ்சள் தூசி, மடியில் படுக்கும் குழந்தையின் மூக்குக்குப் போகிறது.

ஆறாவது, மண் போகும் இடம். ஆபத்தான கழிவை அதற்கென உள்ள வளாகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. எவ்வளவு ஏற்றப்பட்டது, எவ்வளவு இறக்கப்பட்டது என்பதற்கு வண்டிக்கு வண்டி ஆவணம் வேண்டும். நிரவல் மண் மலிவாகக் கிடைக்கிறது என்று தாழ்வான இடத்தில் வீடு கட்டும் நம் மக்கள் வாங்கிக்கொள்வது வழக்கம். ஆலை மண் நம் வீட்டுக் கடைக்காலுக்குள் வந்து சேரும் வழி இதுதான்.

தளம் போட்டால் மூடிவிடுமா?

"மேலே தளம் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். சில இடங்களில் தோண்டி எடுப்பதைவிட மூடிவைப்பது நல்லதுதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பேவர் பிளாக் மூடி அல்ல. அதன் ஒவ்வொரு இடுக்கிலும் மழை நீர் இறங்கும். மாசுபட்ட மண்ணுக்கு மேல் நீர் புகாத தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் வடிகால் அடுக்கு, பிறகு சரிவோடு போட்ட கான்கிரீட் அல்லது தார்த் தளம், இணைப்புகளில் பூச்சு என்று அடுக்கடுக்காக வர வேண்டும். பக்கவாட்டில் ஓடும் நிலத்தடி நீரைத் தளம் தடுக்காது என்பதால் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும்.

உலகம் இந்தப் பாடத்தை விலை கொடுத்துத்தான் படித்தது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ அருகே ரூதர்கிளெனில் ஒயிட்ஸ் என்ற குரோமிய ஆலை நூறாண்டுக்கும் மேல் ஓடியது. மூக்குத் தண்டு அரிக்கப்பட்ட அதன் தொழிலாளர்களின் நிலையைத் தொழிற்சங்கத் தலைவர் கீர் ஹார்டி 1899இலேயே ஊரறிய எழுதினார். ஆலை 1960களில் மூடப்பட்டது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் புதைத்த கழிவு இன்றும் ஓடை நீரில் நிறம் காட்டுகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஹட்சன் பகுதியில், இதே கசடை மலிவான நிரவல் மண்ணாகக் கட்டடங்களுக்கு அடியில் போட்டார்கள். சுண்ணாம்பு மிகுந்த அந்தக் கசடு ஈரம் பட்டு ஊதும் தன்மை கொண்டது. மேலே போட்ட தார்த் தளங்கள் உப்பி வெடித்தன. சுவர்களில் மஞ்சள் பச்சைக் கறை படிந்தது. தளம் போட்டது முடிவாக இருக்கவில்லை. மறுபடி தோண்ட வேண்டி வந்தது.

தளம் போட்ட பிறகுதான் இன்னொரு ஆபத்து. ஐந்து வருடம் கழித்து ஒருவர் கேபிள் பதிக்க வருவார். இன்னொருவர் குடிநீர்க் குழாய்க்கு வெட்ட வருவார். அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்? அந்த இடத்தின் வரைபடமும் சோதனை முடிவும் ஊராட்சி அலுவலகத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும். நிலத்தின் ஆவணத்திலேயே குறிப்பு ஏற வேண்டும். மூடிய மண்ணை விட மறந்த மண்தான் பலரைக் கொல்கிறது.

பெயர் இல்லாத உடம்பு

இனி நம் முக்கியமான கேள்விக்கு வருவோம். இவ்வளவும் செய்ய அரசுக்குத் தெரியாதா? தெரியும். 2025 ஜனவரி முதல் நாள் இரவில் போபால் யூனியன் கார்பைடு வளாகத்திலிருந்து 337 டன் கழிவு 12 கண்டெய்னர்களில் பீதம்பூருக்குக் கிளம்பியது. அதை மூட்டை கட்டி ஏற்றியவர்கள் சுமார் 100 பேர். அவர்கள் கவச உடையில், 30 நிமிட முறை வைத்து வேலை செய்தார்கள் என்று அதிகாரிகளே சொன்னார்கள். உயர் நீதிமன்றம் பார்த்தது, உலகம் பார்த்தது. அதனால் அப்படிச் செய்யப்பட்டது. நம் சுற்றுவட்டாரத்து வளாகத்தில் யார் பார்க்கிறார்கள்?

சட்டம் இல்லாமலும் இல்லை. குரோமியத்தால் வரும் நோய்கள் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் இடம் பெற்றவை. ஆனால் அதில் ஒரு நிபந்தனை: ஒரே முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இன்று ஒரு ஒப்பந்ததாரர், அடுத்த வாரம் இன்னொருவர் என்று போகும் கூலியாளுக்கு எங்கே ஆறு மாதம்? மேலும், இந்த நோய் உடனே வருவதில்லை. இருபது வருடம் கழித்து நுரையீரலில் தெரியும். அப்போது மருத்துவர் கேட்பார், பீடி குடிப்பீர்களா என்று. எந்த மண்ணைத் தோண்டினீர்கள் என்று கேட்க மாட்டார். கேட்டாலும், காட்டுவதற்குப் பதிவேட்டில் பெயர் இருக்காது.

மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதற்காக எத்தனை உயிர்கள் போயின, எத்தனை ஆண்டுகள் போராடினோம்! ஆனால் அந்தத் தடையின் சொற்கள் கழிவுநீர்க் குழியோடும் மலக்குழியோடும் நின்றுவிடுகின்றன. ஆலைக்குள் இருக்கும் விஷக் குழிக்கு அவை எட்டுவதில்லை. குழி மாறுகிறது, இறங்குகிறவர் மாறுவதில்லை. அழுக்கு என்று ஊர் தள்ளிவைத்த வேலையை நம் தலையில் கட்டியது சாதி. அதே சாதி, ஆபத்து என்று அறிவியல் சொல்லும் வேலையையும் கூலி என்ற பெயரில் நம்மிடமே கொண்டுவருகிறது. திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளர் வாழ்வை எழுதி 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்த மாணவர்களுக்கு இது புரியும். சுண்ணாம்புக் குழி மூடிவிட்டது. அதை மறுபடி திறக்கும் வேலைக்கும் பேரப்பிள்ளைகளே அழைக்கப்படுகிறார்கள்.

சிலர் நம்மைக் கேட்கிறார்கள்: "இப்படியெல்லாம் சட்டம் பேசினால் மேஸ்திரி வேறு ஊர் ஆளைக் கூட்டிக்கொள்வான், உங்கள் ஆட்களுக்குத்தான் கூலி போகும்." இந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் வேறு ஊர் ஆள் என்றால் அவர் யார்? வங்கத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வரும் இன்னொரு ஏழை. அவர் நுரையீரலும் நுரையீரல்தான். வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இந்த மண் சுத்தமாக வேண்டும் என்று முதலில் கேட்டவர்களே நாம்தான். இந்த வேலை பயிற்சியோடும் கவசத்தோடும் நல்ல சம்பளத்தோடும் நடக்கட்டும். நம் இளைஞர்கள் வாயு அளக்கும் கருவியையும் மண் மாதிரிக் குப்பியையும் கையாளப் பழகட்டும். பாண்டு மட்டும்தான் நமக்கு என்று யார் எழுதி வைத்தது?

நாம் கேட்பது

நம் கோரிக்கை பெரியதல்ல. மாசுபட்டதாகச் சந்தேகிக்கப்படும் எந்த வளாகத்திலும் தோண்டுவதற்கு முன், மண் சோதனை முடிவை வாசலில் தமிழில் பலகையாக வைக்க வேண்டும். வேலை தொடங்கும் முதல் நாள் காலையில், இறங்கப் போகிறவர்களை உட்கார வைத்து அதை வாசித்து விளக்க வேண்டும். "இது பாதுகாப்பாகத் தெரியவில்லை" என்று ஒருவர் மேலே ஏறினால் அவருடைய அன்றைய கூலி பிடிக்கப்படக் கூடாது. ஒரே நாள் வேலை செய்தவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் நகல் ஊராட்சியில் இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு அட்டை இருக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் மருத்துவச் சோதனை, அதன் அறிக்கை தொழிலாளருக்கே. ஒப்பந்தத்தில் பாதுகாப்புச் செலவைத் தனியாகக் குறிக்க வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற போட்டியில் முதலில் வெட்டப்படுவது கையுறையும் கவசமும்தான். ஆறு மாத நிபந்தனை இந்த வேலைக்குப் பொருந்தாது என்று அரசு விதி செய்ய வேண்டும்.

கேட்க நமக்கு வழிகள் இருக்கின்றன. உங்கள் ஊர் எல்லையில் மூடிக் கிடக்கும் ஆலை மாசுபட்ட இடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். கல்லூரி மாணவர்கள் மனு எழுத உதவுங்கள். அங்கே வேலை செய்த தாத்தா பாட்டிகளிடம் எந்த மூலையில் என்ன குழி இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். கிராம சபையில் அதைப் படியுங்கள். தீர்மானமாக ஏற்றச் சொல்லுங்கள்.

வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1943 டிசம்பரில் அண்ணல் அம்பேத்கர் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். மேலே நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை வாங்கிக்கொள்ள அவரால் முடிந்திருக்கும். ஆனால் தொழிலாளி எங்கே நிற்கிறாரோ அங்கே போய் நின்று பார்த்தார். நம் மாவட்டத்து மாசுபட்ட வளாகத்துக்குத் திட்டம் தீட்டும் பொறியாளரும் அதிகாரியும் குழியின் அடியில் நிற்பவரின் இடத்திலிருந்து அந்த வரைபடத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

கை எரிகிறது என்று கேட்ட அந்த அக்கா போன வாரம் மறுபடி வேலைக்குக் கிளம்பினார். எந்த இடம் என்று கேட்டோம். "தெரியலப்பா, வண்டி எங்க கூட்டினு போவுதோ அங்க" என்றார். அவர் வண்டி ஏறும் முன்பே அந்த இடத்தின் பெயரும் அந்த மண்ணில் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.